கனவுதான் என்றார் டாக்டர்

ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்துவது சுலபம், அந்த நேரத்தில் அவர் எங்கே போய்விடுகிறார் என்று சொல்வதுதான் கஷ்டம் என்று சொல்லித்தான் டாக்டர் ராம்கி தன் பேச்சைத் தொடங்குவார். கூட்டம் அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். புனேயின் கராடிப் பகுதியில் மென்பொருள்காரர்கள் ஞாயிறு காலைகளில் நடத்திய அறிவியல் வட்டத்தில் அவருக்கு நிரந்தர இடம் இருந்தது. கல்லூரிகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக மயக்க மருந்து கொடுத்தவர். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். மனைவி சரசா வங்கியில் மேலாளர். சாங்வியில் சொந்த வீடு. குறை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

விசாகாவை அவர் சந்தித்தது ஒரு கல்லூரிக் கருத்தரங்கில். பிரக்ஞை பற்றி மூளை அறிவியல் சொல்வதையும் பௌத்தம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இரண்டு நாள் கருத்தரங்கு. பாலி மொழி ஆசிரியர் என்று அறிமுகப்படுத்தினார்கள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்று போனில், "சோறு தீர்ந்துபோறதுக்குள்ள போகணும், அப்புறம் பேசறேன்" என்று சொன்னது ராம்கியின் காதில் விழுந்தது. தமிழா என்று ஆச்சரியமாகக் கேட்டார். கோலார் தங்கவயல் என்றார் விசாகா. பௌத்தர் என்றதும் மராத்திக்காரர் என்றே நினைத்துவிட்டதாக ராம்கி சொன்னதற்கு அவர் சிரித்துவிட்டு, "எங்க தாத்தா சுரங்கத்துக்குள்ள இறங்கும்போதே பௌத்தருங்க" என்றார்.

பாலி படிப்பதற்காக இருபத்திரண்டு வயதில் புனேக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோந்த்வாவில் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. தம்பி மகன் ஷ்யாம் மட்டும் இதே ஊரில் கராடியில் வேலை பார்த்தான். தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காருவார். நாற்பது வருடத்தில் காய்ச்சல் வந்த நாட்களில்கூட அதை விட்டதில்லை என்று சொல்வார்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது ராம்கி கோந்த்வாவுக்குப் போக ஆரம்பித்தார். சில நாள் சரசாவும் வருவாள். விசாகா அவலில் போஹே கிளறி வைத்திருப்பார், கூடவே தங்கவயல் பாணியில் காரமாக ஒரு சட்னி. சாப்பிட்டுக்கொண்டே வாதம் செய்வார்கள். பிரக்ஞை என்பது உள்ளே ஏற்றிவைத்த விளக்கு போல ஒரு பொருள் இல்லை, கண்ணும் காட்சியும் சேர்ந்தால் பார்க்கும் அறிவு எழும், காதும் ஓசையும் சேர்ந்தால் கேட்கும் அறிவு எழும், காரணங்கள் விலகினால் அதுவும் நின்றுபோகும் என்பார் விசாகா. இதைத்தான் நான் தினம் கையால் செய்கிறேன் என்று ராம்கி உற்சாகமாவார். வாயுவைக் கூட்டினால் மூளையின் ஒரு பகுதி மற்றொன்றோடு பேசுவது நிற்கிறது, ஆள் இல்லாமல் போகிறார். குறைத்தால் பேச்சு மறுபடி தொடங்குகிறது, ஆள் வந்துவிடுகிறார். நடுவே எங்கும் ஓர் ஆத்மாவை அவர் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் இருவரும் முட்டிக்கொள்வார்கள். ஒருவர் தன் மனதைப் பற்றித் தானே சொல்வதை நம்ப முடியாது என்பது ராம்கியின் கட்சி. மூளை கதை கட்டும், இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்ளும், பிறகு அதையே பார்த்ததாகச் சத்தியம் செய்யும். விசாகா அதை ஒப்புக்கொள்வார், ஆனால் அதோடு விடமாட்டார். பழகாத கண் தப்பாகப் பார்க்கும், பழகிய கண் தன் தப்பையும் சேர்த்துப் பார்க்கும் என்பார். "நீங்க மெஷின வச்சுப் பாக்கறீங்க. எனக்கு மெஷினு இதுதான்" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். "அதுக்குத்தான் நாப்பது வருஷமா தெனம் தொடச்சு வைக்கிறேன்."

இரண்டு வருடத்தில் ராம்கி அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவரும் டாக்டர் என்பதை விட்டுவிட்டு ராம்கி என்றே கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து ஐந்தாறு இடங்களில் பேசினார்கள். இரண்டு பேரும் மேடையிலேயே சண்டை போடுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

கொரோனா அடங்கிய அடுத்த வருடம் விசாகாவுக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. எடுத்துவிடலாம் என்றார்கள். ராம்கி வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வோம், மயக்க மருந்து அவர்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று விசாகா சொல்லிவிட்டார். காலை பத்தரை மணிக்கு அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. எதுவரைக்கும் பார்க்க முடிகிறதோ அதுவரைக்கும் பார்த்துக்கொண்டே போகிறேன், வந்து சொல்கிறேன் என்றார். ராம்கி ஊசியைப் போட்டார். ஆறேழு விநாடியில் கண் சொருகியது.

அதற்குப் பிறகு நடந்ததை விளக்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் குழாய் விட்டுச் செய்கிற அறுவைக்கு இரண்டு விதமான மருந்து தேவை. ஒன்று நினைவை நிறுத்தும் வாயு. இன்னொன்று தசைகளைத் தளர்த்துகிற ஊசி. அது போட்டபின் விரல் நுனியைக்கூட அசைக்க முடியாது, மூச்சும் இயந்திரம் விட்டால்தான். வாயு நின்றுபோய் ஊசி மட்டும் வேலை செய்தால், ஆள் விழித்திருந்தாலும் வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

அன்று வாயு நின்றுபோனது. வேப்பரைசர் என்று அவர்கள் சொல்லும், திரவத்தை வாயுவாக்கும் சின்னக் கலம் காலியாகிவிட்டது. முதல் அறுவை நீண்டுபோயிருந்தது. இரண்டாவதான விசாகாவின் அறுவைக்கு முன்பு அதில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. காலியானால் இயந்திரம் கத்தும். ஆனால் அந்த வாரம் முழுக்க அது காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்ததால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். மூளை அலையைக் காட்டும் கருவி ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான், அது பக்கத்து அரங்கில் இருந்தது. ராம்கி நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கான படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்தது இன்ஷா. அங்கே பயிற்சியில் இருந்த இளம் டாக்டர், இருபத்தெட்டு வயது. அவளுடைய வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து கோந்த்வாவில் கடை வைத்திருந்தார். முந்தைய நோயாளியை வார்டில் பார்த்துவிட்டு அரங்குக்குள் திரும்பியவள் நேராக மானிட்டரைப் பார்த்தாள், பிறகு கலத்தைப் பார்த்தாள்.

"சார், வேப்பரைசர் காலி. பல்ஸ் நூத்திப் பதினெட்டு."

ராம்கி எழுந்து பாய்ந்தார். கலத்தை நிரப்பி, வாயுவைக் கூட்டி, ஒரு தூக்க ஊசியும் போட்டார். பல்ஸ் மெதுவாக இறங்கியது. சர்ஜன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதிவைப் பார்த்துக் கணக்கிட்டபோது பன்னிரண்டு நிமிடம் போல வந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கும் வாயு சீராகப் போனதாகவும், அறுவைக்காக வயிற்றில் காற்று நிரப்பியதால் பல்ஸ் ஏறியதாகவும் எழுதச் சொன்னார். இன்ஷா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தன் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். எழுதினாள்.

மறுநாள் காலை ராம்கி வார்டுக்குப் போனபோது விசாகா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முகம் ஒரே நாளில் ஒடுங்கிப்போயிருந்தது. உட்காரச் சொன்னார். பிறகு பாடம் சொல்வது போல நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னார். முதலில் ஓசை வந்தது. பிறகு வயிறு ஊதிப்போய் இறுகியிருப்பது தெரிந்தது. உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல, சூடு வைப்பது போல. கண்ணைத் திறக்கப் பார்த்தார், ஒட்டியிருந்தது. விரலை அசைக்கப் பார்த்தார், விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூச்சை இழுக்க நினைத்தால் வராது, நினைக்காதபோது வந்தது. யாரோ மராத்தியில் தன் வீட்டு நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கோழி ஈரல் வைத்துப் பார்த்தும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்ஜன்தான் அது. அறுவையின் நடுவில்தான் அதைச் சொன்னார். ராம்கிக்கே அது அரைகுறையாகத்தான் காதில் விழுந்திருந்தது.

"வலியச் சொல்லல ராம்கி. வலி வரட்டும், போகட்டும்" என்றார் விசாகா. "வலி வந்தா வலின்னு பாரு, என் வலின்னு சொல்லாதேன்னு எத்தனை பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன். அங்க அது ஒண்ணும் நிக்கல. பாக்கறதுக்கு ஆளே இல்ல. நான், நான், நான்னு கத்தறது மட்டும்தான் இருந்துச்சு. வாயில்லாம."

விசாகா அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நா முழிச்சிருந்தேனா, இல்ல கனவா? கனவுன்னா விட்டுடுவேன். முழிச்சிருந்தேன்னா அதை நா திரும்பப் போய்ப் பாக்கணும், எவ்ளோ கஷ்டமா இருந்தாலும். உங்கள விட்டா எனக்கு இதைக் கேக்கறதுக்கு ஆள் இல்ல."

அந்த ஒரு கணத்தில் ராம்கி என்னென்னவோ யோசித்தார். ஆஸ்பத்திரி, சர்ஜன், இருபத்தாறு வருடப் பெயர், எழுதிவைத்த தாள். கனவு என்று சொன்னால் இந்த அம்மாளுக்கும் நிம்மதிதானே என்றும் தோன்றியது. பிற்பாடு அவர் தன்னையே மன்னிக்க முடியாமல் போனது அந்தக் கடைசி எண்ணத்துக்காகத்தான்.

"கனவுதான் அக்கா" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. மயக்கம் தெளிகிற நேரத்தில் மூளை துண்டு துண்டாக விழிக்கும், கிடைத்த துண்டுகளை வைத்துக் கதை கட்டும் என்று விளக்கினார். நாய்ப் பேச்சு ஊசி போடுவதற்கு முன்பே நடந்தது, மூளை அதைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டது என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு விஷயமும் வேறு யாருக்காவது உண்மையாக இருக்கக்கூடியதுதான். விசாகா கூர்ந்து கேட்டார். எனக்கு நடுவில் கேட்டது போலத்தான் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். தெளிவாக இருப்பது அத்தாட்சி ஆகாது என்றார் ராம்கி. அதைத்தானே நீங்கள் எப்போதும் சொல்வீர்கள் என்று ஒப்புக்கொண்டு விசாகா கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் இன்ஷாவும் தனியாகப் போய் விசாகாவைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து, நோயாளிக்கு அறுவையின் நடுவே நடந்தது நினைவிருக்கிறது என்று குறிப்புத் தாளில் எழுதிவிட்டாள். ராம்கி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளைக் கொடுத்தார். இன்ஷா அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. நான்கு மாதத்தில் மயக்க மருந்துப் பயிற்சியை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு மாறிப் போனாள்.

ராம்கி கோந்த்வாவுக்குப் போவதும் குறைந்தது. முதலில் வேலை என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டார். அக்காவைப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சே என்று சரசா கேட்டால் அவர்களுக்கும் உடம்பு சரியில்லை, தொந்தரவு பண்ணக் கூடாது என்பார். சேர்ந்து பேசும் கூட்டங்கள் நின்றன. தனியாகப் பேசுவது மட்டும் நிற்கவில்லை. அதில் ஓர் உதாரணமும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. நினைவு எப்படி ஏமாற்றும் என்று சொல்லும் இடத்தில், மயக்கம் தெளிந்த ஓர் அம்மாள் அறுவையின் நடுவே டாக்டரின் நாய் சாப்பிடாத கதையைக் கேட்டதாகச் சத்தியம் செய்ததைச் சொல்வார். பெயர் சொல்லமாட்டார். கூட்டம் சிரிக்கும். எப்படி அதைச் சொல்ல மனம் வந்தது என்று அவரால் பின்னாளில் விளக்க முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னால் அது அப்படியே நடந்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மூன்று வருடம் கழித்து, கராடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உதாரணத்தைச் சொல்லி, கூட்டம் சிரித்து, பேச்சு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து நின்றான். ஷ்யாம். ஓரிரு முறை அத்தை வீட்டில் பார்த்திருந்தும் ராம்கிக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவனுக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். நாய்க் கதை அத்தையுடையதுதானே என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. ராம்கியின் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தை தியானம் பந்த் பண்ணிட்டாங்க அங்கிள். ரெண்டு வருஷம் மேல ஆச்சு" என்றான் ஷ்யாம். "கிளாஸும் விட்டுட்டாங்க. ஸ்டூடன்ட்ஸ் வீட்டுக்கு வந்தாக்கூட திருப்பி அனுப்பிடறாங்க. என் மனசு பாக்கறது நெஜமா, அதுவே கட்டின கதையான்னு எனக்கே தெரியல, அப்புறம் எதைச் சொல்லித் தர்றதுன்னு கேக்கறாங்க. முழிச்சிருக்கறதுக்கும் கனவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நான்னு சொல்றாங்க. நீங்க சயின்டிஃபிக்கா எக்ஸ்ப்ளெயின் பண்ணா கேப்பாங்க. ஒரு தடவை வாங்களேன்."

ராம்கி சரி என்றார். காரை எடுத்துக்கொண்டு சாங்விக்கு வந்து சேர்ந்ததே அவருக்கு நினைவில்லை. தான் ஒரு பிழையை மறைத்ததாக மட்டுமே மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். பிழை எவருக்கும் வரும். வலி பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்த விஷயம். ஆனால் அந்தம்மாள் நாற்பது வருடமாகத் துடைத்துவைத்திருந்த ஒன்று அந்த அறையில் இருந்த எந்தக் கருவியையும்விடச் சரியாக வேலை செய்திருக்கிறது. அது கெட்டுப்போனது என்று அவரிடம் சொல்லி நம்பவும் வைத்தாயிற்று.

அன்று மத்தியானம் சரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, நான் அவங்களுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்த நாள் ராம்கி இன்ஷாவின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். தான் போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு என்ற எண்ணைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றாள் இன்ஷா. தானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எழுதச் சொன்னது நான்தான் என்றார் ராம்கி.

புதன்கிழமை பிற்பகலில் கோந்த்வாவுக்குப் போனார். விசாகா கதவைத் திறந்தார். இளைத்திருந்தார், தலைமுடியை வளரவிட்டிருந்தார். ஷ்யாம் சொல்லியிருந்தானாம், அதனால் எதிர்பார்த்திருந்தார். டீ போட எழுந்தவரை ராம்கி வேண்டாம் என்று தடுத்துவிட்டு, உட்காராமலே சொன்னார்.

"அக்கா, நீங்க முழிச்சிருந்தீங்க. கனவு இல்ல. வாயு நின்னுபோச்சு, நான் கவனிக்கல. நாயப் பத்திப் பேசினது நடுவுலதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

விசாகா பாதி எழுந்த நிலையிலேயே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். அழவில்லை. எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம், எப்போது நிரப்பினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராம்கி சொல்லச் சொல்ல, மனதுக்குள் இருக்கும் எதனுடனோ ஒப்பிட்டுப் பார்ப்பது போலத் தலையை அசைத்தார். ஓர் இடத்தில், கடைசியில் எல்லாம் கறுப்பாகி விழுந்தேனே, அது நீங்கள் தூக்க ஊசி போட்டபோதா என்று கேட்டார். ஆமாம் என்றார் ராம்கி. சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று விசாகா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு, அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன இருந்தது என்று கேட்டார். போனில் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்றார் ராம்கி. அது கை செய்தது, மனதில் என்ன இருந்தது என்று மறுபடி கேட்டார். ராம்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அவரால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. எந்தப் படம் என்பதும் நினைவில்லை. தெரியவில்லை என்றார்.

மன்னிப்புக் கேட்க ராம்கி வாயெடுத்தார். விசாகா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வலிக்கு நீங்க மன்னிப்புக் கேக்க வேணாம் டாக்டர். கவனக்கொறவு, யாருக்கும் வரும். எனக்கும் வரும். அன்னைக்கு நா பாத்தது எனக்குப் புடிக்கல. நான்ங்கிறது இவ்ளோ கெட்டியா உள்ள இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அங்கேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன். எனக்கு அப்ப அறுவது. நேரம் இருந்துச்சு. நீங்க அது கனவுன்னீங்க. நம்புனேன். நம்பி, அதுக்கு முன்னாடி பாத்தது எல்லாமே கனவுதான்னு ஆயிடுச்சு. மூணு வருஷம்."

டாக்டர் என்று அவர் கூப்பிட்டதை ராம்கி கவனித்தார்.

இதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் விசாகா. யாரிடமும் காட்டுவதற்கு இல்லை, மறுபடி சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு என்றார். ராம்கி அங்கேயே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். கனவு என்று பொய் சொன்னேன் என்பதையும் எழுதினார். விசாகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்து, மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, இனிமேல் வர வேண்டாம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கதவுவரை வந்து வழியனுப்பினார்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் ராம்கி எழுதிக் கொடுத்தார். அவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். நோயாளி புகார் கொடுத்தாரா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, கோப்பை மூடிவிட்டார்கள். தண்டனை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கராடியின் கூட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, நாய்க் கதையில் அந்த அம்மாள் சொன்னதுதான் உண்மை, தான் சொன்னது பொய் என்று அறிவித்தார். பாதிப் பேர் அதுவும் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் கீழே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு எங்கும் பேசப் போகவில்லை.

விசாகாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இன்ஷா சொல்லித்தான். அவர் வேண்டாம் என்று சொல்லியும் அவள் போயிருக்கிறாள். முதல் நாள் வாசலிலேயே நின்று அழுதாளாம், விசாகா உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டாராம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாப்பாவின் கடைக்குப் போகிற வழியில் இப்போதும் எட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் போனில் சொன்னாள்.

"மறுபடியும் உக்கார்றாங்க சார். காலைல மட்டும். அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்குள்ளதான் தெனம் போறேன்னு சொன்னாங்க. பாதியில எழுந்துடறாங்களாம். வயசாயிடுச்சு, மனசு முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னாங்க."

ராம்கி கேட்டுக்கொண்டார். முன்பே உட்கார்ந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது, இல்லையா என்று இன்ஷாவைக் கேட்டார். அது எனக்குத் தெரியாது சார் என்றாள் அவள்.

இந்த வருடம் மழை தொடங்கின முதல் வாரத்தில் புனே கேம்ப் பகுதியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் விசாகாவைப் பார்த்தார். தலையை மறுபடி ஒட்ட வெட்டியிருந்தார். கையில் நனைந்த குடையும் காய்கறிப் பையும் இருந்தன. ராம்கி ஒதுங்கிப் போய்விடலாமா என்று தயங்குவதற்குள் அவர் பார்த்துவிட்டார். முகம் மாறவில்லை. சரசா நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்தார். இருக்கிறாள் என்றார் ராம்கி. ஷ்யாமுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, டிசம்பரில் என்றார் விசாகா. சந்தோஷம் என்றார் ராம்கி. வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை.

ராம்கிக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. தினமும் காலையில் அங்கே போய் என்ன பார்க்கிறீர்கள், அந்தக் கத்தல் அடங்கியதா, பார்ப்பதற்கு அங்கே இப்போது யாராவது இருக்கிறார்களா. பிரக்ஞை பற்றி அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. சொல்லக்கூடியவர் கையெட்டும் தூரத்தில் குடையை உதறிக்கொண்டு நின்றார். கோந்த்வா பஸ் வந்தது. விசாகா பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ராம்கி கேட்கவில்லை.